படைக்குத்துவாள் அசலா, போலியா? வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஃபேர்பேர்ன்–சைக்ஸ் கமாண்டோ குத்துவாள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முதல் வகை என்கிறார் விற்பவர். தயாரித்த வில்கின்சன் நிறுவனத்தின் முத்திரை பளிச்சென்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். போலி செய்பவர் அதிகம் மெனக்கெடுவது அதில்தான். முதலில் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1941 தொடக்கத்தில் வில்கின்சன் சுவோர்டு வெளியிட்ட முதல் வகையில் குறுக்குக் காப்பு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் சட்டம்) எஸ் எழுத்தைப்போல வளைந்து, சுமார் 3 அங்குலம் இருக்கும். அலகு காப்பைத் தொடும் இடத்தில் கூர் தீட்டாத சிறு தட்டைப்பகுதி உண்டு, பொறிப்பு அதன்மேல்தான். 1942இல் வந்த இரண்டாம் வகையில் தட்டைப்பகுதி போய்விட்டது, காப்பு நேராகிக் குறுகியது. பிடி மட்டும் வைரக்கட்டம் வெட்டிய பித்தளையாகவே தொடர்ந்தது. வளையம் வளையமான வார்ப்புப் பிடி மூன்றாம் வகைக்கு உரியது. அது வந்தது 1943 இறுதிவாக்கில். எனவே தட்டைப்பகுதியுள்ள அலகில் வளையப் பிடி இருந்தால் அது ஒட்டுவேலை.

இந்தக் கத்தியில் ஒட்டுவேலை மிகச் சுலபம். அலகின் வால் காப்பையும் பிடியையும் ஊடுருவி மேலே வந்து நிற்கும். அதன் மரையில் ஒரு சிறு நட்டு, அவ்வளவுதான். நட்டைச் சுற்றிக் கொறடு பிடித்த புதுக் கீறல் இருக்கிறதா, காப்புக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரியென்றால் 10 மடங்கு உருப்பெருக்கியை எடுங்கள். வில்கின்சன் பொறிப்பு அமிலத்தால் அரித்தது. எழுத்தின் தரை சொரசொரப்பாகவும் ஓரம் மேடில்லாமலும் இருக்கும். அச்சால் அடித்திருந்தால் விலகிய உலோகம் ஓரத்தில் வரப்புபோல எழும்பியிருக்கும். லேசர் என்றால் குழிக்குள் உழுத வயல்போல இணைகோடுகள் தெரியும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். அலகின் நடுமுதுகு சற்றே அலைபாய்ந்தால் கவலை வேண்டாம். கையால் சாணை பிடித்தவை அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: என்னிடமுள்ள மூன்றாம் வகைக் கத்தியின் காப்பில் 'இங்கிலாந்து' என்றும், பிடியில் '2' என்றும் இருக்கிறது. 2 என்பது படைப்பிரிவின் எண்ணா?

பதில்: இல்லை. அது வார்ப்பு அச்சின் எண்; 1 முதல் 4 வரை காணலாம். நாட்டின் பெயர் ஏற்றுமதிக்காக அடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கத்தி என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்க மார்க் 1 பதுங்குகுழிக் கத்தி, 1918 மாதிரி. முதல் உலகப் போரில் தாத்தா பயன்படுத்தியது என்று சொல்லி விற்கிறார்கள்.

பதில்: கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்தக் கத்தி தயாராகி வரும்போது அந்தப் போரே முடியும் தறுவாயில் இருந்தது. படைவீரர் கையில் புழங்கியது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில்தான்.

கத்தியைச் சோதிக்க, நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் போதும். விரல் வளையங்களோடு கூடிய பிடி வெண்கல வார்ப்பு. அசல் பிடியிலிருந்தே அச்செடுத்து நகல் வார்க்கிறார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் 100 மி.மீ.க்கு 1 முதல் 2 மி.மீ. வரை குறைந்துவிடும். உறுதியான அசல் ஒன்றின் அளவுகளை நாலைந்து இடங்களில் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். 'எல்.எஃப்.&சி. 1918' என்ற தயாரிப்பாளர் குறியின் எழுத்துகளின் முனை மழுங்கி, நடுவே ஊசித்துளைகள் தெரிவதும் அதே காரணத்தால்தான். காந்தம் பிடியில் ஒட்டக்கூடாது, இரும்பு உறையில் ஒட்ட வேண்டும். பிடியில் ஒட்டாததை மட்டும் வைத்து அசல் என்று சொல்லிவிடாதீர்கள். நகலும் வெண்கலமாக இருக்கலாம்.

கேள்வி: துருவும் பச்சைக் களிம்பும் நிறைய இருந்தால் பழையதுதானே?

பதில்: அமிலமும் உப்பும் ஒரு வாரத்தில் அதைத் தந்துவிடும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கை படும் மேடுகளில் முலாம் தேய்ந்து, பள்ளங்களில் கறை தங்கியிருப்பதே இயல்பு. பிடியின் பள்ளமும் மேடும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தால் அது முக்கி எடுத்த கறுப்பு. தோல் உரசும் பித்தளையில் மட்டும் மெழுகுபோன்ற பச்சைப் படிவு இருப்பது நல்ல அடையாளம். தோலின் கொழுப்பு செம்போடு வினைபுரிந்து உண்டாவது அது. முத்திரை கறையைப் பிளந்துகொண்டு, உள்ளே பளபளவென்று இருந்தால் நேற்று அடித்தது.

கேள்வி: உறையின் தையலைப் புறஊதா விளக்கில் பார்த்தால் நூல் நீலவெள்ளையாக ஒளிர்கிறது. போலியா?

பதில்: புறஊதா ஒளியில் இப்படி ஒளிரும் வெண்மையூட்டும் வேதிப்பொருள் துணியிலும் சலவைத் தூளிலும் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆகவே சந்தேகம் நியாயமானது. ஆனால் பழைய உறையை யாராவது சலவைத் தூளால் துடைத்திருந்தாலும், பிரிந்த தையலைப் புதிதாகப் போட்டிருந்தாலும் ஒளிரும். பிய்ந்து தொங்கும் இழை ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். மணி திரண்டால் தையல் புதியது, அவ்வளவே. பழைய தையல் துளைகள் காலியாக நின்றால் உறை பழையதாக இருக்கலாம்.

கேள்வி: வாங்கிய பிறகு மெருகேற்றலாமா?

பதில்: வேண்டாம். மெருகுப் பசை, பொறிப்பின் ஓரத்தையும் சாணைக் கோடுகளையும் தின்றுவிடும். அடுத்து வாங்குபவர் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பருத்தித் துணியால் தூசி துடைத்து, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிசாக ஒரு பூச்சு தடவுங்கள். தோலுறையிலிருந்து கத்தியை உருவித் தனியே வையுங்கள். பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் அலகில் குழி விழச் செய்யும்.