இரவு ரயிலில் பிள்ளையோடு: பாடாங் பெசாரிலிருந்து சியாங் மாய் வரை

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்லாந்துக்கு இரவு ரயிலில் போவது குறித்துக் கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. மகனோடு அந்தப் பாதையில் பலமுறை போய்வந்த பட்டர்வொர்த் வாசகி ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, எங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை. மகனுக்கு ஆறு வயது. ஹாட்யாய், பேங்காக், சியாங் மாய், லாவோஸ் தலைநகர் வியந்தியான் என நான்கு ஊர்களையும் பார்த்துவிட நினைக்கிறோம். மூன்று இரவுகள் ரயிலிலேயே கழிந்தால் ஹோட்டல் செலவும் மிச்சம். சரிவருமா? (செந்தூல்)

ஹோட்டல் மிச்சம் என்ற கணக்கை முதலில் அழித்துவிடுங்கள், தம்பி. ரயிலில் பெரியவர்கள் அரைத் தூக்கம் தூங்கினாலும் மறுநாளைச் சமாளித்துவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளையால் முடியாது. முதல் இரவில் புதுமையின் உற்சாகத்தில் பத்து மணிவரை விழித்திருப்பான். அடுத்த இரவும் ரயில் என்றால், மூன்றாம் நாள் கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ உட்கார்ந்து அழுவான். அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கோபித்துக்கொள்வோம். பாவம், அவனுக்குத் தூக்கம்தான் போதவில்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். ஓர் இரவு ரயிலில் கழிந்தால், அடுத்த இரண்டு இரவுகளாவது அசையாத கட்டிலில் கழிய வேண்டும். உங்கள் ஒரு வாரத்தில் இரண்டு ரயில் இரவுகளுக்குத்தான் இடமிருக்கிறது. சனிக்கிழமை மாலை எல்லை ஊரான பாடாங் பெசாரில் ஏறுங்கள். ஞாயிறும் திங்களும் பேங்காக்கில் தங்குங்கள். செவ்வாய் மாலை சியாங் மாய் ரயில். புதனிலிருந்து மூன்று இரவுகள் அங்கே. திரும்பும்போது அதே ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டரையும் மறுபடி ரயிலில் கடக்க வேண்டாம். சியாங் மாயிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஹாட்யாய்க்கு ஒரு வாரயிறுதியே போதும், தனியாகப் போய்க்கொள்ளலாம். வியந்தியானை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு பட்டர்வொர்த்திலிருந்தே பேங்காக்குக்கு ரயில் இருந்ததே, இப்போது இல்லையா? (பிறை)

2016 டிசம்பரோடு அது நின்றுவிட்டது. இப்போது பேங்காக் ரயில் எல்லையிலுள்ள பாடாங் பெசாரில்தான் புறப்படுகிறது. நம் பக்கத்திலிருந்து கொமுட்டர் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். பினாங்குத் தீவிலிருந்து வருபவர்களுக்கு ஃபெரி துறையும் பட்டர்வொர்த் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்தான். கோலாலம்பூர்க்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். காலை வண்டியையே எடுங்கள். பிற்பகல் வண்டியை நம்பி எல்லையில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

எல்லையில் என்ன நடக்கும்? முதல் தடவை என்பதால் பயமாக இருக்கிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பயம் வேண்டாம் அம்மா. இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. மலேசிய முகப்பில் வெளியேறும் முத்திரை, அடுத்து தாய்லாந்து முகப்பில் நுழையும் முத்திரை, பிறகு ரயில். பிள்ளையின் கடப்பிதழிலும் தாய்லாந்து முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். அவசரத்தில் விடுபட்டால் திரும்பும்போது தொல்லை.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும், தரைவழி வந்தாலும், மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். பிள்ளைக்கும் தனி அட்டை. கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

அடுத்து, கடிகாரம். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பேங்காக் டிக்கெட்டில் மாலை 5 மணி என்று இருந்தால் நமக்கு அது 6 மணி. போகும்போது இதனால் நட்டமில்லை, காத்திருப்புதான் கூடும். ரயிலிலேயே திரும்புபவர்களுக்குத்தான் சிக்கல். காலை 8 மணிக்குப் பாடாங் பெசார் என்று தாய்லாந்து அட்டவணையில் பார்த்துவிட்டு ஒன்பதரை இடிஎஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். நம் நேரப்படி அப்போது ஒன்பது ஆகிவிடும். முத்திரை வரிசை வேறு இருக்கிறது. நெடுந்தூர ரயில் தாமதமாவதும் சகஜம். நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

மகளிடம் மைகிட் (பிள்ளைகளுக்கான மலேசிய அடையாள அட்டை) இருக்கிறது. போதுமா? கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், நான் மட்டும்தான் அழைத்துப் போகிறேன். (செபராங் ஜெயா)

மைகிட் போதாது, கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் காலம் இருக்கட்டும். பிள்ளைகளின் கடப்பிதழ் நாம் கவனிக்காத நேரத்தில் காலாவதியாகிவிடும், இன்றே எடுத்துப் பாருங்கள். நீங்கள் தனியாகப் போவதால் பிறப்புப் பத்திரத்தின் நகலையும், கணவர் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட்ட கடிதத்தையும் கையோடு வைத்திருங்கள். கடிதத்தில் அவருடைய தொலைபேசி எண் இருக்கட்டும். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையொப்பமானால் இன்னும் நல்லது. யாரும் கேட்காமலே போகலாம். ஆனாலும் கேட்கும் இடத்தில் அந்த ஒரு தாள் இல்லையென்றால் பிள்ளை முன்னால் நீங்கள் கலங்கி நிற்க வேண்டிவரும்.

மேல்படுக்கை விலை குறைவு. பிள்ளையை அங்கே படுக்க வைக்கலாமா? (கெப்போங்)

வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பாடாங் பெசாரிலிருந்து போகும் பெட்டிகள் குளிரூட்டிய இரண்டாம் வகுப்பு. பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள். இருட்டியதும் பணியாளர் வருவார். இரண்டு இருக்கைகளையும் இழுத்துச் சேர்ப்பார், அது கீழ்ப்படுக்கை. சுவரோடு மடிந்திருக்கும் பலகையைத் திறந்து இறக்குவார், அது மேல்படுக்கை. மெத்தை, வெள்ளை விரிப்பு, தலையணை, உறையிட்ட போர்வை, கடைசியில் திரைச்சீலை. கண்மூடித் திறப்பதற்குள் ஓர் அறையே உருவாகிவிடும். பிள்ளைகள் வாய் திறந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பி நடைபாதையில் நிறுத்திப் பார்க்க விடுங்கள்.

கீழ்ப்படுக்கை அகலமானது, ஜன்னலும் அதற்குத்தான் முழுதாகக் கிடைக்கும். சிறு பிள்ளையைச் சுவரோரம் விட்டு அம்மா வெளிப்பக்கம் படுத்துக்கொள்ளலாம். மேலே இடம் குறுகல். விழாமலிருக்கப் பட்டைகள் இருந்தாலும், நடு இரவில் கழிவறைக்கு இறங்க ஏணிதான் வழி. குளிரும் வெளிச்சமும் அங்கேதான் அதிகம். அப்பா மேலே போகட்டும்.

சியாங் மாய் ரயிலில் முதல் வகுப்பும் உண்டு. இருவர் படுக்கும் தனியறை, உள்ளிருந்து தாழிடலாம். கைக்குழந்தை இருந்தால் அந்தச் செலவு தகும்.

நாங்கள் சைவம். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? (ஜார்ஜ்டவுன்)

ரயிலுக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். பிள்ளைக்கு நெய் போதும். புளிச்சோறும் அப்படியே. தேங்காய்ச் சட்னி வேண்டாம். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், வாழைப்பழம், ரொட்டி.

தாய்லாந்தில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. ‘ஜே’ என்று சொல்லுங்கள், சுத்த சைவம் என்று புரிந்துகொள்வார்கள். சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி தொங்கும் கடைகளில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேர்க்க மாட்டார்கள்; பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. பேங்காக்கில் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். நம் தமிழர்கள் அங்கே குடியேறிக் கட்டியது, ஆனால் தாய்லாந்து மக்கள்தான் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிடுவார்கள். பிள்ளை அதைப் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்? (சுங்கை டூவா)

பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை சியாங் மாய் வேண்டாம். காடும் வயலும் எரியும் புகை ஊரையே மூடியிருக்கும், இளைப்புள்ள பிள்ளைக்கு ஆபத்து. நவம்பர், டிசம்பரில் ஹாட்யாய்ப் பக்கம் பெருமழை. 2025 நவம்பரில் அந்த நகரமே வெள்ளத்தில் மூழ்கி ரயில்கள் நின்றன. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. படுக்கை டிக்கெட் கிடைக்காது. நம் ஜூன் விடுமுறையில் அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு பொழுது பெய்து விட்டுவிடும். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ரயிலில் குடித்துவிட்டு வருபவர்கள் தொல்லை இருக்குமா? (செராஸ்)

தாய்லாந்து ரயில்களில் 2014 முதல் மதுவுக்குத் தடை. பெட்டிகள் அமைதியாகவே இருக்கும்.

பேங்காக்கில் எந்த நிலையத்தில் இறங்குவோம்? பழைய ஹுவா லம்போங்கா? (பாயான் லெப்பாஸ்)

இல்லை. 2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர விரைவு ரயில்கள் குருங் தெப் அபிவத் என்ற புதிய முனையத்துக்குத்தான் வருகின்றன, பாங் சூ என்றாலும் புரியும். சியாங் மாய் ரயிலும் அங்கிருந்தே புறப்படுகிறது. நிலத்தடி ரயிலின் நீலப் பாதை அங்கே நிற்கும். சிலோமுக்கு மாறாமலே போகலாம். நிலையம் மிகப் பெரியது, பிள்ளை நடக்கத் தூரம். தள்ளுவண்டி இருந்தால் கொண்டுபோங்கள்.

என் மாமியாரும் வருகிறார். அறுபத்தெட்டு வயது, மூட்டு வலி. (பட்டர்வொர்த்)

தாராளமாக அழைத்துப் போங்கள், பேரப்பிள்ளைக்கு அதைவிடத் துணை வேறில்லை. அவருக்கும் கீழ்ப்படுக்கை, ஆகமொத்தம் இரண்டு கீழ். அவை முதலில் தீர்ந்துவிடும் என்பதால் விற்பனை திறந்தவுடன் வாங்கிவிடுங்கள். பெட்டியின் கோடியில் கழிவறை இருக்கிறது, அதற்குப் பக்கத்துப் படுக்கைகள் வேண்டாம். கதவுச் சத்தம் இரவு முழுக்கக் கேட்கும். நான்கைந்து வரிசை தள்ளி எடுங்கள். சால்வையும் காலுறையும் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும், குளிர் மூட்டைத்தான் முதலில் பிடிக்கும்.