பார்வை மங்கியவர்களுக்கு ஏற்ற கையடக்கக் கேமரா: கேள்வி பதில்

கேமராக்களைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் நான். என் வலக்கண்ணுக்கு மைனஸ் 5 பவர். இந்த இரண்டையும் தவிர வேறு தகுதி எனக்கில்லை. கண் மருத்துவம் தொடர்பான ஐயங்களை மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. வெள்ளெழுத்து வந்துவிட்டது. கேமராவின் பின்புறத் திரையில் தெரிவது எல்லாம் மங்கலாக இருக்கிறது. பெரிய திரையுள்ள கேமரா எது?

பதில்: திரையின் அளவைத் தேடிப் பயனில்லை, கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 3 அங்குலத் திரைதான். பெட்டியின் மேல் 9,20,000 புள்ளிகள் என்று அச்சிட்டிருப்பதும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எண்ணிய கணக்கு. உண்மையில் அது 640க்கு 480 அளவுள்ள படமே.

உங்கள் சிக்கல் தூரம் சார்ந்தது. திரையை முகத்திலிருந்து 40 செ.மீ. தொலைவில் பிடிக்கிறீர்கள்; வெள்ளெழுத்து வந்த கண்ணால் கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரத்தில் எழுத்தைப் படிக்க முடியாது. கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டரிலோ, உள்ளிருக்கும் சிறு படத்தை ஓர் உருப்பெருக்கி ஒரு மீட்டர் அல்லது அதற்கும் அப்பால் இருப்பதைப் போலக் காட்டுகிறது. தெருவைப் பார்க்கும் கண்ணுக்கு அதுவும் தெரியும். எனவே நீங்கள் தேட வேண்டியது வியூஃபைண்டரும், அதன் ஓரத்தில், கண்ணின் பவருக்கு (அதன் அலகு டயாப்டர்) ஏற்பத் திருப்பும் டயாப்டர் சக்கரமும் உள்ள கேமராவை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் அது உண்டு. அதே ஆண்டில் வந்த பானாசோனிக் எல்எக்ஸ்100, 2015இல் வந்த கேனான் ஜி5 எக்ஸ் ஆகியவற்றிலும் உண்டு. இவற்றைப் பெரும்பாலும் பழைய கேமராவாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: அந்தச் சக்கரம் பைக்குள் உராய்ந்து தானே திரும்பிவிடும். படம் திடீரென மங்கினால் கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள். என் மேசைக்கு வந்த ‘பழுதான’ வியூஃபைண்டர்களில் பலவற்றை நான் ஒரு விரலால் சரிசெய்து, காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: இருபார்வைக் கண்ணாடி அணிகிறேன். திரையைப் பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கிறது.

பதில்: படிக்கும் பவர் உங்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது, திரையோ முகத்துக்கு நேரே இருக்கிறது. மேல்நோக்கி மடங்கும் திரையுள்ள கேமராவை வாங்கி, அதை மார்பளவில் பிடித்துக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள். பார்வை தானாகவே கீழ்ப்பாதி வழியாகச் செல்லும், கையும் நடுங்காது.

கேள்வி: கைபேசி போதாதா?

பதில்: பலருக்குப் போதும். ஐஃபோனில் திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவரை இயக்கினால் படச் சட்டத்துக்குள் எத்தனை முகங்கள் இருக்கின்றன என்று அது சொல்லும். கூகுள் பிக்சலில் 2022 முதல் முகத்தை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று வழிகாட்டும் வசதி இருக்கிறது. கைக்குத் தட்டுப்படும் பொத்தானும் நல்ல ஜூமும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் தனிக் கேமரா.

கேள்வி: கேனான் ஜி16 கேமராவில் ஒளிவழி வியூஃபைண்டர் இருக்கிறதே, அது மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், டயாப்டர் சக்கரமும் அதில் உண்டு. ஆனால் அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பதிவாகும் படத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத்தான் காட்டும். குவியம் தவறியிருந்தாலும் உள்ளே எல்லாம் துல்லியமாகவே தெரியும். ஆகவே பீப் ஒலியை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பொத்தானைப் பாதி அழுத்திக் குவியம் கூடிய ஒலி கேட்ட பின்பே முழுதாக அழுத்துங்கள்.

கேள்வி: குவியம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் உறுதிசெய்ய முடியாதவர் என்ன செய்வது?

பதில்: இதற்குச் சிறிய சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) வரப்பிரசாதம். 1/2.3 அங்குல சென்சாரில், ஜூம் செய்யாத, 24 மி.மீ.க்கு நிகரான அகலக் கோணத்தில், லென்ஸின் எஃப் 3.3 திறப்பில், ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் குவியம் வைத்தாலே அரை மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழுந்துவிடும். ஜூம் செய்தால் இந்தச் சலுகை போய்விடும். பெரிய சென்சாரே உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வது இருட்டில் படமெடுப்பவருக்குப் பொருந்தும். உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

கேள்வி: வியூஃபைண்டரைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சக்கரம் இருப்பதே அதற்குத்தானே? இதை நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

பதில்: கிட்டப்பார்வை மட்டும் உள்ளவருக்குச் சரி. ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பின் சக்கரம் மைனஸ் 4 முதல் பிளஸ் 3 வரை செல்கிறது. என் மைனஸ் 5க்கு அது ஒரு டயாப்டர் குறைவு.

கேள்வி: மேலே எழுதியவர் சொல்வது தவறு. நான் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுகிறது.

பதில்: உங்கள் கண்ணாடிச் சீட்டில் சி.ஒய்.எல். என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 1 அல்லது அதற்கு மேல் எழுதியிருந்தால் அதுதான் காரணம். சக்கரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகத்தான் பவரை மாற்றும். சிலிண்டர் பவர் ஒரு திசைக்கு மட்டும் உரியது. அதை எந்தக் கேமராச் சக்கரமும் ஈடுசெய்யாது. கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி (முதலில் எழுதியவர்): கண்ணாடியோடு பார்த்தால் படச் சட்டத்தின் மூலைகள் மறைந்துவிடுகின்றன. எனவே நான் சொன்னதே சரி.

பதில்: இருவரும் உங்கள் உங்கள் கண்ணுக்குச் சரியாகவே சொல்கிறீர்கள், ஒருவர் கண்ணை மற்றவருக்குப் பொருத்துவதுதான் பிழை. மூலை மறைவது ஐபாயின்ட் என்னும் அளவால். கண் எவ்வளவு தூரம் பின்னே இருக்கும் வரை முழுப் படச் சட்டமும் தெரியும் என்பதை அது மில்லிமீட்டரில் சொல்கிறது. கண்ணாடி அணிபவர் 20 மி.மீ. அளவையாவது தேட வேண்டும். கழற்றுபவருக்கும் ஒரு தொல்லை உண்டு: படமெடுத்து முடித்ததும் கண்ணாடியைத் தேடுவது. கழுத்தில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: என் தந்தைக்கு விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. ஓரப்பார்வை மட்டுமே. வியூஃபைண்டர் உதவுமா?

பதில்: இதுவரை வந்த கேள்விகளில் இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். பவரை மாற்றினால் சரியாகும் கண்ணுக்கு வியூஃபைண்டர் உதவும். உங்கள் தந்தையின் குறை பவர் சார்ந்ததன்று. நடுப்பார்வை போனவர் உருவைப் பெரிதாக்கி, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பார். வியூஃபைண்டரின் சிறு துளையில் அதற்கு இடமில்லை. அவருக்குக் கேமராவைவிட அகலத் திரையுள்ள கைபேசியோ டேப்லெட்டோ நல்லது. கண் அழுத்த நோயால் அல்லது மாலைக்கண்ணோடு பார்வை குறுகிக்கொண்டே போகும் நோயால் ஓரப்பார்வையை இழந்தவர்களுக்கு நிலைமை நேர்மாறு. குழாய் வழியே பார்ப்பதுபோல் எஞ்சிய வட்டத்துக்குள் முழுப் படமும் அடங்கும் சிறு வியூஃபைண்டர், கைக்கெட்டும் பெரிய திரையைவிட அவர்களுக்கு வசதியாக இருக்கக்கூடும். கண்புரை உள்ளவருக்கு வெளிச்சத்தால் வரும் கண்கூச்சம்தான் பகை. வெளிச்சத்தை மறைக்கும் ரப்பர் வளையமுள்ள வியூஃபைண்டர் அவருக்கு நிம்மதி.

சோனி 2023இல் எச்எக்ஸ்99 என்ற 30 மடங்கு ஜூம் கேமராவுடன், ஜப்பானின் கியூடி லேசர் நிறுவனம் செய்த ரெட்டிசா நியோவியூவரை இணைத்து 600 டாலர் அளவில் அமெரிக்காவில் விற்றது. அது மெல்லிய லேசர் கதிரால் படத்தை நேராக விழித்திரை மீதே வரைகிறது. கண்ணின் லென்ஸ் குவிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைகிறது. ஆனால் வரைவதற்கு விழித்திரை நலமாக இருக்க வேண்டும். உங்கள் தந்தைக்காக அதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: 48 மெகாபிக்சல், விலை நான்காயிரம். கண் தெரியாதவர்களுக்கு எளிது என்கிறார்கள்.

பதில்: பெயர் தெரியாத அந்தக் கேமராக்களில் சென்சார் பதிவுசெய்வது அதைவிட மிகக் குறைவு, மீதி கணக்கால் ஊதிப் பெருக்கியது. வேண்டாம்.

கேள்வி: பெரிய திரையுள்ள கேமரா எது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: பொத்தான்களின் மேலுள்ள சிறு எழுத்துகளைப் படிக்க முடியவில்லை.

பதில்: அடிக்கடி தொடும் இரண்டு பொத்தான்களில் மட்டும் ஒரு சொட்டு நகப்பூச்சு இட்டு உலரவிடுங்கள். விரல் கண்டுகொள்ளும். லென்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொன்ன ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பைப் பழையதாக வாங்கிவிட்டேன். வியூஃபைண்டரில் எல்லாம் மங்கல். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அந்த வியூஃபைண்டரை மேலே எழுப்பினால் மட்டும் போதாது, கண்வைக்கும் பகுதியை உங்களை நோக்கி இழுத்து, ‘கிளிக்’ என்று நிற்கச் செய்ய வேண்டும். அப்படியும் மங்கினால் சக்கரத்தைத் திருப்புங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.