சென்னையில் பழைய வீடு, மரக்காடு, கடற்கரை மூன்றையும் ஒரே நடையில் பார்க்க முடியுமா?

முடியும், அடையாறில். காலையில் தியசாபிகல் சொசைட்டியில் (பெரியவர்கள் வாயில் பிரம்மஞான சபை; எல்லா மதங்களையும் ஒப்பிட்டுப் படிக்கும் சங்கம்) ஆரம்பித்து, பெசன்ட் அவென்யூ வழியாக எலியட்ஸ் பீச் போய், ஊரூர் குப்பம் தாண்டி ஆற்று முகத்துவாரத்தில் முடிக்கலாம். நின்று நிதானமாகப் பார்த்தால் அரை நாள் ஆகும். நான் வளர்ந்தது இந்தப் பக்கம்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சபைக்குள் இருக்கும் பெரிய ஆலமரத்தை ஒரு நாள், பீச்சை இன்னொரு நாள் என்று வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நடந்து பார்த்தால்தான் எல்லாம் ஒரே ஆறும் ஒரே மணலும் என்று புரியும்.

முதலில் வீடு. கோட்டைக்குள் நெருக்கியடித்து இருக்கப் பிடிக்காத கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டு, நடுவில் பங்களா கட்டிக்கொண்டார்கள். நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, சேத்துப்பட்டு முழுக்க ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பெரும்பாலானவை இன்று அபார்ட்மென்ட். அடையாற்றின் தென்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் தப்பித்ததற்குக் காரணம், 1882இல் அதை சபையின் நிறுவனர்களான பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் வாங்கியதுதான். 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய சபைக்கு அந்தத் தோட்ட வீடு தலைமையகமானது, இன்றைக்கும் அதுதான். அந்தக் காலத்து மெட்ராஸ் வீடுகளின் சுவரைத் தொட்டிருக்கிறீர்களா? பளிங்கு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்த சுண்ணாம்பு அது. கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கடலுக்குப் போகும் முன்பே கடலைச் சுவரில் பார்த்துவிடலாம்.

காட்டுக்கு வருகிறேன். சபை வளாகம்தான் அது, சுமார் 250 ஏக்கர். உள்ளே நுழைந்ததும் வெயிலும் ஹாரன் சத்தமும் குறைந்துவிடும். தானாக முளைத்த காடு என்று பலர் நினைக்கிறார்கள். சபைக்கு வந்தவர்கள் நட்டு, தண்ணீர் ஊற்றி, தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் விட்டதால் வந்த காடு அது. 1907இல் தலைவரான அன்னி பெசன்ட் பக்கத்துத் தோட்டங்களையும் வாங்கிச் சேர்த்ததால்தான் இவ்வளவு இடம். மஹோகனி நிழலில் நடக்கும்போது கீரி குறுக்கே ஓடும். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ரா நடன, இசைப் பள்ளியைத் தொடங்கியதும் இந்த மரங்களுக்கு நடுவேதான், பிற்பாடுதான் திருவான்மியூர் போனது. ஆல்காட் 1886இல் ஆரம்பித்த அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பின்னாளில் தத்துவ அறிஞராகப் பேர் வாங்கிய ஜே. கிருஷ்ணமூர்த்தியை 1909இல் சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் முதலில் கவனித்தது சபையை ஒட்டிய கடற்கரையில். கிருஷ்ணமூர்த்தியின் அப்பா அப்போது சபையில் வேலை பார்த்தார்.

அடையாறு ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தாதான் கூட்டிக்கொண்டு போனார். ஊரே துக்கம் விசாரிக்க வந்த மாதிரி நின்றது. தாத்தா பேசாமல் ஒரு சுற்று சுற்றி வந்து, தள்ளி நின்ற ஒரு விழுதைக் கையால் தட்டி, “இது தாங்கிக்கும்டா” என்றார். தாங்கிக்கொண்டது. இன்று நீங்கள் பார்ப்பதெல்லாம் விழுதுகளே மரங்களாகி நிற்கும் தோப்பு. தரையைத் தொடாமல் தொங்கும் இளம் விழுதின் நுனியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: வெளிர் மஞ்சளாக, ஈரமாக இருக்கும். தயவுசெய்து பிடித்து ஆடாதீர்கள், பிள்ளைகளையும் ஆட விடாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த ஊர் மரங்களைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு விழுதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வெளியே வந்து பெசன்ட் அவென்யூவில் நடந்தால் ஆல்காட் நினைவுப் பள்ளி வரும். பங்களாவைவிட எனக்கு இதுதான் பெரிய கட்டடம். பஞ்சமர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1894இல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளிதான் இது. அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! போகிற போக்கில் தாண்டிவிடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாக நிற்கும் வளைவுக் கட்டடம் ஷ்மிட் நினைவுச் சின்னம். டென்மார்க் மாலுமியான அவர் 1930 டிசம்பரில், கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். எல்லோரும் அதன் முன் படம் எடுக்கிறார்கள், ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லலாம்.

அங்கிருந்து வடக்கே, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு நடங்கள். ஊரூர் குப்பத்தில் வலை பின்னுகிறவர்கள் இருப்பார்கள், காலையில் மீன் வாங்கலாம். பெசன்ட் நகர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த ஊர் இது. அதைத் தாண்டினால் மணல்மேடு, அடப்பங்கொடி, ராவணன் மீசை. ராவணன் மீசையின் முள்ளுருண்டை முற்றியதும் கழன்று, காற்றில் குதித்துக் குதித்து உருண்டு போகும். மணலைப் பிடித்து வைப்பது இந்தச் செடிகள்தான்.

முகத்துவாரத்தில் 1977இல் ஆறு அடித்துக்கொண்டு போன உடைந்த பாலம் நிற்கிறது. கோடையில் ஆற்றில் வேகம் இருக்காது, தெற்கிலிருந்து அலை தள்ளிவரும் மணல் வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறக்கும். திறந்தால்தான் மடவை மீனும் இறாலும் உள்ளே வெளியே போய்வரும், குப்பத்துக்குப் பிழைப்பும் நடக்கும். தண்ணீர் நாற்றமடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரம் அத்தனை கழிவையும் இங்கே அனுப்புகிறது. அதையும் மீறி உள்ளான், ஆலா போன்ற பறவைகள் வருகின்றன. இங்கே வந்து நின்று மேற்கே பார்த்தால் தெரியும் பச்சை, காலையில் நீங்கள் நடந்த அதே காடு.

இரண்டு விஷயம். சொசைட்டி ஞாயிற்றுக்கிழமை திறக்காது, மற்ற நாட்களிலும் சில மணி நேரம்தான் அனுமதி. விசாரித்துவிட்டுப் போங்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்தால் ஒரு இரவையும் ஒதுக்குங்கள். பங்குனி ஆமைகள் என்ற கடல் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. 1988இலிருந்து மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள், வார இறுதிகளில் நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள். செல்போன் டார்ச்சை மட்டும் போடாதீர்கள். பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நினைத்து ரோட்டுக்கு ஏறிவிடும்.