டிஸ்சார்ஜ் ஆக ஒன்பது மணி நேரம்

அன்புள்ள ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். பி.காம். முடித்து ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு வருடமாக பில்லிங் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போக ஆசை. எம்.பி.ஏ.வா, எம்.எச்.ஏ.வா (ஆஸ்பத்திரி நிர்வாக முதுகலை), எம்.பி.எச்.சா (பொதுச் சுகாதார முதுகலை)? எம்.பி.ஏ. என்றால்தான் நாலு பேருக்குப் புரியும் என்கிறார் அப்பா.

ச.

அன்புள்ள ச.,

அப்பா சொல்வது கல்யாணப் பத்திரிகைக்குச் சரி.

போன வருஷம் அம்மாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலை பத்து மணிக்கு டாக்டர் "வீட்டுக்குப் போலாம்மா" என்றார். ஆட்டோ ஏறும்போது மணி ஏழு. மிச்ச மாத்திரைகளை நர்ஸ் ஒரு கவரில் போட்டு பார்மசிக்கு அனுப்பினார். அது ரிட்டர்ன் என்ட்ரி ஆனால்தான் பில் மூடும். பில் மூடினால்தான் இன்ஷூரன்ஸுக்குப் போகும். கவரை வாங்கிய பையன் லிப்டுக்காகவே கால் மணி நேரம் நின்றான். டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள். அம்மா படுத்திருந்த கட்டிலுக்காகக் கீழே கேஷுவால்டியில் ஒருவர் காத்திருந்தார். இத்தனைக்கும் யாரும் சும்மா இல்லை.

இந்த ஒன்பது மணி நேரத்தை நாலாக்கும் வேலையைப் பாடமாகவே வைத்திருப்பது எம்.எச்.ஏ. ஓ.பி., ஸ்டோர்ஸ், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், ஆஸ்பத்திரிகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்று எல்லாம் அதில் வரும். எம்.பி.ஏ.வில் ஃபைனான்ஸும் மார்க்கெட்டிங்கும்தான் சோறு, ஆஸ்பத்திரி ஊறுகாய். பின்னால் துறை மாற நினைத்தால் கைகொடுக்கும். எம்.பி.எச். ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே இருக்கும் ஜனங்களைப் பற்றியது: ஒரு தெருவில் காய்ச்சல் ஏன் பரவுகிறது, அதை எப்படிக் கணக்கெடுப்பது.

நிர்வாகம் என்றாலே தனியார் என்று நினைத்துவிடாதீர்கள். 1994-ல் வந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. ஒதுக்கிய தொகைக்குள் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், பாங்க் கணக்கு மாதிரி. ஸ்டான்லியில் (நம் பாட்டிமாருக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி) ஜன்னல் வழியே நீளும் மாத்திரைக்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. அதுவும் நிர்வாகம்தான்.

இரண்டு வருடம் பில் போட்ட கை உங்களுடையது. எம்.எச்.ஏ. சேருங்கள். சேருமுன் அந்தக் கல்லூரியின் சீனியர் ஒருவரைப் பிடித்து, இன்டர்ன்ஷிப்பில் எங்கே உட்காரவைத்தார்கள் என்று கேளுங்கள். முழுக்க ரிசப்ஷனில்தான் என்றால், வேறு கல்லூரி பாருங்கள்.