ஈயம் ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டவுனில் கடையொன்றில் வேலை. எலக்ட்ரோனிக்ஸ் பழக ஆசைப்பட்டு ஈயத்தை உருக்கி ஒட்டுகிற 25 வாட் சோல்டரிங் அயன் ஒன்றும் ஈயக் கம்பியும் வாங்கியிருக்கிறார். வேலை விட்டு வந்து, இரவு ஏழு மணிக்கு மேல் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து பழகுகிறார். "ஈயம் உருண்டை உருண்டையாக விழுகிறது. ஒட்டினாலும் இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. என் கை சரியில்லையா, அயன் சரியில்லையா? இது பழகினால் அப்பாயியின் ரேடியோவில் விட்டுப்போன ஸ்பீக்கர் வயரை நானே ஒட்டலாமா?" என்று கேட்கிறார்.

போகிற போக்கில் அவர் சொன்ன 'ஏழு மணி'தான் முதலில் என் கண்ணில் பட்டது. அந்த நேரம் லயம் முழுக்க லைட், டீவி, கேத்தல் எல்லாம் ஓடும். கம்பியின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கித்தான் வரும். உங்கள் அயன் 230 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்டேஜ் 180க்கு இறங்கினால் வாட்டும் அதே அளவில்தானே குறையும் என்று நினைப்போம். அது வர்க்கக் கணக்கில் இறங்கும். 25 வாட் அயன் 15 வாட் அயனாகிவிடும்.

அப்படியும் அது ஈயத்தை உருக்கும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். 60/40 ஈயம் (வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு) 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி 190 பாகைக்குள் முழுதாக உருகிவிடும். காரீயம் கலக்காத வகைக்கு 217 முதல் 227 பாகை வரை வேண்டும். (நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை வாக்கிலேயே கொதித்துவிடும், ஈயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, மலையிலும் அதே சூடுதான்.) அயனின் நுனியில் அவ்வளவு சூடு இருக்கும். ஆனால் பாகங்களை ஒட்டுகிற சர்க்கிட் போட்டில் இருக்கிற செம்பைத் தொட்டதும் செம்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். உருகிய ஈயம் சூடேறாத செம்பின்மேல் விழுந்தால் சேம்பு இலையில் மழைத்துளி போலத்தான், உருண்டு ஓடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அதே அயனால் அதே போட்டில் பத்து இடம் ஒட்டிப் பாருங்கள். இரவில் ஒட்டாதது பகலில் ஒட்டினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பகலிலும் ஒட்டவில்லையா? அப்போ பிட்டை, அதாவது அயனின் நுனித் துண்டைப் பாருங்கள். நுனி கறுத்துப் போயிருந்தால் சூடு வெளியே வராது. ஈயத்தை வைத்தால் நுனி முழுக்க வெள்ளிபோலப் பளபளவென்று பரவ வேண்டும். பரவவில்லையென்றால், சூடான பிட்டைப் பித்தளைக் கம்பிச் சுருளில் நாலு குத்துக் குத்தி, உடனே ஈயம் வையுங்கள். திரும்பத் திரும்ப இதைச் செய்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். அரத்தால் ராவாதீர்கள். அந்தக் காலத்துச் செம்பு பிட்டை ராவலாம். இப்போது வருகிறதற்கு மேலே இரும்புப் பூச்சு இருக்கிறது, அது போனால் பிட்டும் போச்சு. வேலை முடிந்ததும் நுனியில் கொஞ்சம் ஈயத்தை விட்டுவிட்டே அணையுங்கள்.

இனிக் கை வேலை. பழகுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஈயத்தை பிட்டில் உருக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பசை மாதிரி பூசுகிறார்கள். ஈயக் கம்பிக்குள் ஃப்ளக்ஸ் இருக்கிறது. செம்பின்மேல் உள்ள அழுக்கை எடுப்பது அதுதான். வழியிலேயே அது புகையாகப் போய்விட்டால் ஈயம் எதைப் பிடிக்கும்? அதனால் பிட்டை, ரெசிஸ்டரின் காலையும் போட்டின் செம்பு வளையத்தையும் ஒன்றாகத் தொடுகிற மாதிரி வையுங்கள். மனதுக்குள் 'ஒன்று' எண்ணுங்கள். எதிர்ப்பக்கமிருந்து ஈயக் கம்பியைக் காலில் தொடுங்கள், பிட்டில் அல்ல. கால் சூடாகியிருந்தால் ஈயம் தானாக உள்ளே ஓடி வளையத்தைச் சுற்றிப் படுக்கும். முதலில் ஈயக் கம்பியை எடுங்கள், பிறகு அயனை. எல்லாம் சேர்ந்து மூன்று விநாடி. ஊதிவிடாதீர்கள், ஆறும் வரை அசைக்காதீர்கள். நல்ல ஒட்டு காலைச் சுற்றிச் சின்னக் கூம்பு போல, ஓரம் மெலிந்து இருக்கும். பட்டாணி மாதிரி உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழகுகிற காலத்தில், நன்றாகப் பிடிக்கிறதே என்று தகரம் ஒட்டுகிற ஆசிட்டைத் தொட்டுக் கோயில் ஆம்பிளிஃபையர் ஒன்றை ஒட்டிக் கொடுத்தேன். திருவிழாவில் ஜோராகப் பாடியது. ஒரு மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தபோது போட் முழுக்கப் பச்சைப் பாசி பிடித்த மாதிரி அரித்துக் கிடந்தது. நம் ஊர் மூடுபனிக்கும் ஈரத்துக்கும் அந்த ஆசிட் ஒரு துளி மிஞ்சினால் போதும். எலக்ட்ரோனிக்ஸுக்கு ரோசின் (மரப் பிசின்) ஃப்ளக்ஸ் மட்டும்தான்.

குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒட்டாதீர்கள். அந்தப் புகை ரோசின் புகை. இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. ஈயம் புகையாக வருவதைவிடக் கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் அதிகம். பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை வேண்டாம், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

புது அயன் வாங்குவதானால் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற 60 வாட் அயன் எடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம். 180 வோல்ட்டிலும் அதற்கு ஏறக்குறைய 37 வாட் கையிருப்பு இருக்கும். 60/40 ஈயத்துக்கு அயனை 330 முதல் 350 பாகையில் வைத்தால் போதும். அதற்குமேல் ஏற்றினால் செம்பு வளையம் போட்டைவிட்டு உரிந்துவரலாம். ஈயக் கம்பி 0.8 மில்லிமீற்றர், உள்ளே ரோசின் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம், அப்பாயியின் ரேடியோ. தாராளமாகச் செய்யலாம், ஆனால் வெறும் போட்டில் ஐம்பது ஒட்டு ஒட்டிய பிறகு. கரண்டில் ஓடுகிற ரேடியோ என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேட்டரி ரேடியோ என்றால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். வயர் நுனியை முறுக்கித் தனியாக ஈயம் பூசுங்கள், ஸ்பீக்கரின் தகட்டிலும் தனியாகப் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து அயனால் ஒரு தொடு. தகடு பெரிது, சூடேறக் கொஞ்சம் நேரமெடுக்கும். பிட் ஸ்பீக்கரின் காகிதத்தில் மட்டும் பட்டுவிடக் கூடாது. அதை ஒட்ட என்னிடமும் வழி இல்லை.