நிபா: ‘உள்ளூரில் மிதம், உலகில் குறைவு’ என்றால் அண்ணன் களியக்காவிளை (தமிழ்நாடு-கேரள எல்லை) தாண்டலாமா?

தாண்டலாம். கேரளாவின் மலப்புறத்தில் நிபா (வவ்வாலிடமிருந்து வரும் வைரஸ் நோய்) வந்தது என்பதற்காக, மார்த்தாண்டத்திலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற அண்ணனை நிறுத்த வேண்டாம். ஆபத்து உள்ளூரில் மிதம், உலக அளவில் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இரண்டும் சரிதான், முரண் இல்லை.

சாவு விகிதத்தைப் பார்த்துத்தான் குழம்பியிருப்பீர்கள். நிபா வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள், உண்மை. ஆனால் நாடு தாண்டுமா என்பதற்கு அது மட்டும் கணக்கில்லை. ஆளுக்கு ஆள் எவ்வளவு எளிதாகத் தொற்றும் என்பதும் பார்க்கணும். 2018இல் கோழிக்கோட்டில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தொற்றியது. கொரோனாவோ அறிகுறி தெரியுமுன்பே பரவி, விமானம் ஏறிவிட்டது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆடியோவை விடுங்கள். புதிதாக நோய் உறுதியானவர் ஏற்கெனவே தொடர்புப் பட்டியலில் (நோயாளியோடு பழகியவர்கள் பட்டியல்) இருந்தவரா என்று செய்தியில் பாருங்கள். ஆம் என்றால் தொற்றுச் சங்கிலி கைக்குள் இருக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாத ஆட்கள் பல மாவட்டங்களில் முளைத்தால்தான் அந்தக் ‘குறைவு’ ஏறும்.

ஆனால் ஒன்று, வவ்வாலுக்குச் சோதனைச்சாவடி கிடையாது. தமிழ்நாட்டுப் பழந்தின்னி வவ்வால்களிலும் நிபா எதிர்ப்பொருள் கண்டிருக்கிறார்கள். வவ்வால் கடித்த கொல்லாம்பழமும் (முந்திரிப்பழம்) மூடாத கலயத்து அக்கானியும் (பதநீர்) வேண்டாம். அண்ணன் அங்கே நோயாளி யாரையாவது கவனித்திருந்து, பிறகு காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ வந்தால், 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.