பதில்: ஞாயிறு சந்தையில் வாங்கிய சிலுவைப் பதக்கம்

வணக்கம் ஐயா. ஞாயிறு சந்தையில் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய சிலுவை பிரெஞ்சு வீரப் பதக்கமா என்று கேட்டிருந்தீர்கள். புதுச்சேரி என்றாலே பழைய உலோகமெல்லாம் 'பிரெஞ்சுப் பட்டாளத்துப் பொருள்' ஆகிவிடுகிறது. காந்தி வீதிக் கடைக்காரர் உங்களிடமும் அதையே விற்றிருக்கிறார். இது பிரெஞ்சு வீரப் பதக்கம் அன்று. 'குருவா த கேர்' எனப்படும் அந்தப் பிரெஞ்சுப் பதக்கம் வெண்கலத்தால் ஆனது. சிலுவையின் கைகளுக்கிடையே இரண்டு வாள்கள் குறுக்காக இருக்கும், ரிப்பனில் தொங்கும்.

நீங்கள் சொல்லும் வெள்ளிச் சிலுவை, நடுவில் இலக்கு வட்டங்கள், கீழே 'கார்பைன்' (குட்டையான ஒரு துப்பாக்கி வகை) என்ற பட்டை, எல்லாம் அமெரிக்கத் தரைப்படையின் துப்பாக்கிச் சுடும் தகுதிச் சின்னத்துக்கே உரியவை. வட்டமில்லாத வெறும் சிலுவை 'மார்க்ஸ்மேன்', முதல் படி. வட்டம் இருந்தால் 'ஷார்ப்ஷூட்டர்'. அதைச் சுற்றி இலை வளையமும் இருந்தால் 'எக்ஸ்பர்ட்'. உங்களுடையது நடுப்படி.

அமெரிக்கப் படையின் எம்1 கார்பைன் துப்பாக்கி 1941இல்தான் ஏற்கப்பட்டது. ஆகவே அந்தப் பட்டை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் பட்டை கொக்கியில் மாட்டுவது, எவரும் மாற்றியிருக்கலாம். பின்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: 'ஸ்டெர்லிங்' என்றிருந்தால் 92.5 சதவீத வெள்ளி.

மூவாயிரம் ரூபாய் அதிகம்தான். இந்தச் சின்னம் ஏராளமாக வழங்கப்பட்டது. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பின்புறப் படம் ஒன்று போடுங்கள்.